புதிய கடல்மீனுக்குத் தனிமைத் தொட்டி: செம்பா, உப்புக் குறைப்பா, தொட்டி மாற்றமா?

பவுடர் ப்ளூ டாங் போன்ற கடல்மீன் ஒன்றை வாங்குபவர், பையின் முடிச்சை அவிழ்ப்பதற்கு முன்பே ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். மீனை நேராகப் பவழத் தொட்டியில் விடலாம். தனித் தொட்டியில் சில வாரங்கள் வைத்துக் கவனிக்கலாம். நோய் கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மருத்துவம் செய்துவிட்டுப் பிறகு சேர்க்கலாம். முதல் வழியை நான் ஒருமுறை தேர்ந்தெடுத்தேன். கடையில் மூன்று நாள் நன்றாக இரை எடுத்த மீன் அது. பத்தாம் நாள் அதன் துடுப்பில் உப்பைத் தூவியது போல வெண்புள்ளிகள் தெரிந்தன. நான்கு நாளில் அவை மறைந்ததும் குணமாகிவிட்டது என்று நம்பினேன். இரண்டாம் சுற்றில் தொட்டியில் இருந்த ஐந்து மீன்களுக்கும் புள்ளி வந்தது. மூன்றாம் சுற்றில் ஒன்றுதான் மிஞ்சியது. பவழமும் இறாலும் இருக்கும் தொட்டியில் அவற்றையும் கொன்றுவிடும் செம்பு மருந்தை ஊற்ற முடியாது என்பதால், நோய் உள்ளே புகுந்தபின் அங்கேயே வைத்துச் செய்யத்தக்க மருத்துவம் எதுவும் என்னிடம் இல்லை. ஆகவே நேராக விடும் வழியை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. மற்ற வழிகளுக்குள் எதை, எந்த மீனுக்கு, எந்த நிலையில் தேர்ந்தெடுப்பது என்பதே இங்கே கேள்வி.

புள்ளி மறைந்தது ஏன் ஏமாற்றியது என்பது வெண்புள்ளி நோயின் சுழற்சியை அறிந்தால் விளங்கும். கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்னும் ஒற்றைச் செல் உயிரி மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியில் புகுந்து 3 முதல் 7 நாள் வரை தின்று வளர்கிறது. நாம் பார்க்கும் வெண்புள்ளி அதுதான். வளர்ந்தபின் மீனைவிட்டு இறங்கி, பெரும்பாலும் இருள் நேரத்தில், பாறையிலோ மணலிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு கூடு கட்டிக்கொள்கிறது. கூட்டுக்குள் அது பல துண்டுகளாகப் பிரிந்து, மிக விரைவாக என்றால் 3 நாளிலும், பெரும்பாலும் 4 வாரத்துக்குள்ளும், அரிதாகப் பத்து வாரம் வரை தாமதித்தும், நூற்றுக்கணக்கில் நீந்தும் உயிரிகளாக வெளியேறுகிறது. இவை ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பற்றிக்கொள்ளாவிட்டால் செத்துவிடும். மருந்துக்கு எளிதில் இலக்காவது இந்த நீந்தும் பருவம் மட்டுமே. மீனுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் செம்பு தொடுவதில்லை.

வெண்புள்ளி மட்டுமே எதிரி என்றால் தேர்வு எளிது. அதைவிடக் கொடியது அமைலூடினியம் என்னும் ஒட்டுண்ணி உண்டாக்கும் வெல்வெட் நோய். புள்ளிகள் மாவைப் போல மிக நுண்ணியவை. டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்குள் செவுள் பாதிக்கப்பட்டிருக்கும். மீன் வேகமாக மூச்சு விட்டுக்கொண்டு, நீரோட்டம் வரும் குழாயின் எதிரில் போய் நிற்கும். வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்கும். இரண்டு மூன்று நாளில் மரணம் வரலாம். கோமாளி மீன்களில் அடிக்கடி காணப்படும் புரூக்லினெல்லா, கூடு கட்டாமல் மீன்மேலேயே இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகுவது. தோல் சளியாக உரிந்து தொங்கும். குரோமிஸ், வண்ணத்துப்பூச்சி மீன் ஆகியவற்றின் பக்கவாட்டில் சிவந்த புண்ணாகத் தோன்றும் யூரோனீமா வேறொரு வகை. இவை தவிர நியோபெனிடீனியா போன்ற தட்டைப்புழுக்கள், நிறமற்றவை என்பதால் ஒட்டியிருந்தும் தெரியாமல் இருப்பவை. ஒவ்வொரு வழியும் இவற்றுள் சிலவற்றைப் பிடிக்கிறது, சிலவற்றை விட்டுவிடுகிறது. எந்த வழி மீனுக்கு மென்மையானது என்று மட்டும் கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் கேள்வி ஒன்று உண்டு: மருத்துவம் பிசகினால் அது நமக்கு எப்போது தெரியவரும்? அளவிடக் கருவி உள்ள வழி பிசகினால் அன்றைக்கே தெரியும். அளவிட முடியாத வழி பிசகினால், பல வாரங்களுக்குப் பிறகு பெரிய தொட்டியில் மீன்கள் சாகும்போதுதான் தெரியும்.

இந்த அளவுகோலில் மிகக் கீழே நிற்பது, மருந்தில்லாமல் நான்கு வாரம் கவனித்துவிட்டு விடும் வழக்கம். இதில் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். புதிய மீன் இரை பழகுகிறது, பயண அலுப்பு தீர்கிறது, வெல்வெட்டும் புரூக்லினெல்லாவும் இருந்தால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் வெளிப்பட்டுவிடுகின்றன. ஆனால் ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்ற மீன், வெண்புள்ளி உயிரியைச் சில எண்ணிக்கையில் செவுளுக்குள் மட்டும் சுமந்துகொண்டு, உடலில் ஒரு புள்ளியும் இல்லாமல் மாதக்கணக்கில் நலமாகத் தோன்றும். அந்த மீனைப் பார்வையால் தேர்ச்சி பெறச் செய்வது, நோயைக் கைகுலுக்கி உள்ளே அழைப்பதற்குச் சமம். மீன்கள் பிடிப்பவரிடமிருந்து ஏற்றுமதியாளர், மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று பல தொட்டிகளைக் கடந்து, ஒரே நீர் சுற்றிவரும் தொட்டி வரிசைகளில் மற்ற மீன்களோடு கலந்து வருவதை நினைத்துப் பார்த்தால், கடலில் பிடித்த மீனைத் தொற்றில்லாதது என்று கருதுவதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

செம்பு பல ஆண்டுகளாக அடித்தளமாக இருந்துவரும் மருந்து. பழைய முறையில் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) சிட்ரிக் அமிலத்தோடு கரைத்துப் பயன்படுத்துவார்கள். இதில் மருத்துவ அளவு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செம்பு. இதற்கும் மீனைக் கொல்லும் அளவுக்கும் உள்ள இடைவெளி மிகக் குறுகலானது. கீழே இறங்கினால் ஒட்டுண்ணி பிழைக்கும். இப்போது பெரும்பாலோர் பயன்படுத்துவது வேறொரு சேர்மத்தோடு பிணைக்கப்பட்ட செம்பு; அதன் அளவு மருந்துக்கு மருந்து மாறினாலும் பொதுவாக லிட்டருக்கு 1.5 முதல் 2.5 மில்லிகிராம் வரை இருக்கும். இரண்டு எண்களுக்கும் இடையே ஏறத்தாழப் பத்து மடங்கு வித்தியாசம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் சொன்ன "இரண்டு" என்ற அளவைக் கேட்டு இன்னொருவர் வெறும் மயில்துத்தத்தில் அந்த அளவை எட்டினால், அந்தத் தொட்டியில் மறுநாள் மீன் இருக்காது. சோதனைப் பெட்டியும் மருந்தின் வகைக்குப் பொருந்த வேண்டும்: குறைந்த அளவுகளுக்கென்று செய்யப்பட்ட நிறச் சோதனை 2.5 என்ற அளவைப் படிக்காது. ஹன்னா நிறுவனத்தின் உயர் அளவுச் செம்புமானி போன்ற மின்னணுக் கருவி விலை கூடியதுதான். ஆனால் செம்பு வழியைத் தேர்ந்தெடுப்பவர் மருந்துக்கு முன்னால் வாங்க வேண்டியது அந்தக் கருவியைத்தான்.

செம்பின் பலம், வெண்புள்ளி, வெல்வெட் ஆகிய இரண்டையும் அது ஒருசேரப் பிடிப்பது. ஒரே தொட்டியில் வைத்திருந்தால் 30 நாள் இடைவிடாமல் மருத்துவ அளவு இருக்க வேண்டும். இருபதாம் நாள் அளவு இறங்கியிருப்பது தெரிந்தால், மீதிப் பத்து நாளைக் கூட்டிக் கணக்கை முடிக்கக் கூடாது. முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும், ஏனென்றால் அந்த ஒரு நாளில் வெளிவந்த நீந்தும் உயிரி மீனுக்குள் புகுந்திருக்கலாம். 14 நாள் முழு அளவில் வைத்து, ஒட்டுண்ணி படாத வேறொரு தொட்டிக்கு மாற்றிவிடும் சுருக்கு முறையும் உண்டு: முதல் வாரத்திலேயே மீன்மேல் இருந்தவை இறங்கிவிடும், செம்பு புதியவற்றை ஏறவிடாது, கூடுகள் பழைய தொட்டியோடு தங்கிவிடும். சுண்ணாம்புப் பாறையும் பவழ மணலும் செம்பை உறிஞ்சிக்கொண்டு அளவை ஏமாற்றும் என்பதால், செம்புத் தொட்டியில் வெறும் கண்ணாடித் தரையும் மீன் ஒளிய நாலைந்து பி.வி.சி. குழாய்த் துண்டுகளும் போதும். மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவைக் கட்டிப்போடும் திரவங்களைச் செம்போடு சேர்க்கக் கூடாது. சில வகைச் செம்பு மருந்துகளை அவை மேலும் நச்சாக்கிவிடும்.

பலவீனமும் உண்டு. மீனின் பசி குறைகிறது. செவுள் ஏற்கெனவே சிதைந்த மீன் தாங்காமல் போகலாம். மாண்டரின், குழல்மீன், சுறா, திருக்கை ஆகியவற்றுக்குச் செம்பு ஒத்துக்கொள்ளாது. குட்டை ஏஞ்சல் வகைகளுக்கும் பஃபர் மீன்களுக்கும் மிக மெதுவாக, நாலைந்து நாளில் படிப்படியாக ஏற்ற வேண்டியிருக்கும். புரூக்லினெல்லா, யூரோனீமா, தட்டைப்புழு ஆகிய மூன்றுக்கும் செம்பு எதுவும் செய்யாது.

உப்புக் குறைப்பு இதற்கு நேர் எதிரான வழி. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது, ஒப்படர்த்தி (நன்னீரை 1 என்று வைத்து ஒப்பிட்ட அடர்த்தி) 1.026 அளவில் நிற்கும். எலும்புள்ள மீன்களின் உடல்நீரில் உள்ள உப்போ அதில் மூன்றில் ஒரு பங்குதான். தொட்டி நீரை இரண்டு நாளில் படிப்படியாக 1.009 வரை இறக்கினால், மீனுக்கு அது தன் உடலுக்கு இணையான நீர். உப்பை வெளியேற்றும் வேலைகூட அதற்குக் குறைகிறது. வெண்புள்ளி உயிரியின் கூடுகளோ அந்த நீரில் தாக்குப்பிடிப்பதில்லை. மருந்தே இல்லை, பசி குறைவதில்லை, 40 லிட்டர் தொட்டியில் சுமார் 26 லிட்டரை ஆர்.ஓ. நீரால் மாற்றினால் செலவும் முடிந்தது. கடைசிப் புள்ளி மறைந்ததிலிருந்து 30 நாள் அப்படியே வைத்து, பிறகு உப்பை ஒரு வாரமாவது எடுத்துக்கொண்டு மெல்ல ஏற்ற வேண்டும். இறக்குவதை மீன் தாங்கும், வேகமாக ஏற்றுவதைத் தாங்காது.

இவ்வளவு நல்ல வழியை நான் ஏன் முதலில் பரிந்துரைப்பதில்லை என்றால், அதன் எல்லை இரண்டு பக்கமும் கூரானது. 1.009 என்பது 1.012 ஆனால் நோய் பிழைத்துக்கொள்கிறது. ஊசி ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பி இந்த வேலையில் இறங்குவது வீண். ஒளிவிலகலைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரையும் அடிக்கடி சரிபார்க்க வேண்டும். நீர் ஆவியாகிற அளவுக்குத் தினமும் நன்னீர் ஊற்றியாக வேண்டும். உப்போடு காரத்தன்மையும் குறைவதால் பி.எச். சரியும், சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்துத் தூக்கிப்பிடிக்க வேண்டும். குறைந்த உப்பைத் தாங்கும் வெண்புள்ளி வகைகள் தைவானின் மீன் வளர்ப்பில் பதிவாகியிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, வெல்வெட் நோய்க்கு இந்த வழி உதவாது. அந்த உயிரி மிகக் குறைந்த உப்பிலும் வாழும். வெண்புள்ளி என்று நினைத்து வெல்வெட் மீனை உப்புக் குறைப்பில் வைத்தவர் தன் மீனுக்கு இருந்த இரண்டு நாள் அவகாசத்தையும் இழந்துவிடுகிறார்.

தொட்டி மாற்ற முறை ஒட்டுண்ணியின் கடிகாரத்தையே அதற்கு எதிராகத் திருப்புகிறது. கூட்டிலிருந்து உயிரி வெளிவரக் குறைந்தது 3 நாள் வேண்டும் என்பதால், 72 மணி நேரம் கடப்பதற்கு முன்பே மீனைப் புதிய நீரும் உலர்ந்த கருவிகளும் உள்ள இன்னொரு தொட்டிக்கு மாற்றிவிட்டால், அதுவரை இறங்கியவை எல்லாம் பழைய தொட்டியில் மாட்டிக்கொள்கின்றன. முதல் நாளில் தொடங்கி 4, 7, 10, 13 ஆகிய நாள்களில் மாற்றினால், மீன்மேல் தங்கும் பருவம் முழுவதும் கடந்துவிடுகிறது. 12 நாளில் வேலை முடிந்தது. மீனின் உடலுக்குள் எந்த நஞ்சும் போகவில்லை. மாண்டரினுக்கும் குழல்மீனுக்கும் நான் அறிந்தவரை இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

விலை வேறு உருவில் வருகிறது. 40 லிட்டர் வீதம் ஐந்து முறை நீர் நிரப்பினால் 200 லிட்டர், அதற்கு 7 கிலோ கடல் உப்பு. இரண்டு தொட்டி, இரண்டு ஹீட்டர், இரண்டு ஏர் பம்ப், இரண்டு செட் குழாய்த் துண்டு. வெப்பமும் உப்பும் பழைய நீரோடு சரியாகப் பொருந்த வேண்டும். காலி செய்த தொட்டியைக் கழுவி, ஈரம் ஒரு பொட்டும் இல்லாமல் ஒரு நாளாவது உலர்த்த வேண்டும். ஒரே ஒரு மாற்றத்தை அலுவலக வேலையிலோ ஊர்ப் பயணத்திலோ தவறவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதற்கான அளவுகருவி சுவர்க் கடிகாரம் மட்டுமே என்பது எனக்குப் பிடித்த அம்சம்: தவறியிருந்தால் நமக்கே தெரியும், சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் இதுவும் வெல்வெட்டைப் பிடிப்பதில்லை. மீனைப் பெரிய வடிகூடையில் அள்ளி நீர் சொட்டவிட்டு மாற்றுவது நல்லது. பழைய நீரை எவ்வளவு குறைவாகக் கொண்டுபோகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு.

குளோரோகுயின் பாஸ்பேட்டையும் சொல்லாமல் விடக் கூடாது. மலேரியாவுக்குத் தரப்பட்ட அதே மருந்து, லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில், வெண்புள்ளி, வெல்வெட் இரண்டையும் அடக்குகிறது; செம்பைத் தாங்காத மீன்கள் பலவும் இதைத் தாங்குகின்றன. கேட்பதற்கு எல்லாக் குறையும் தீர்ந்தது போலிருக்கும். ஆனால் வீட்டில் அதன் அளவைச் சோதிக்க வழியில்லை. நாள்பட்ட ஃபில்டரில் உள்ள பாக்டீரியா அதைச் சிதைத்துவிடலாம். ஒளியிலும் அது நிலைக்காது. வாங்கிய பொடி எவ்வளவு தூயது என்பது விற்றவருக்கே தெரியாது. மருந்து இன்னும் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் 30 நாள் காத்திருப்பதை என்னால் மருத்துவம் என்று சொல்ல இயலவில்லை. பெரிய காட்சிசாலைகளுக்கு ஆய்வகம் உண்டு, நமக்கு இல்லை. வைத்திருப்பவர்கள் பூட்டி, பெயர் எழுதி வைக்க வேண்டும்: 2020 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில், கொரோனாவுக்குத் தற்காப்பு என்று எண்ணி மீன்தொட்டிக் குளோரோகுயினை விழுங்கிய தம்பதியரில் கணவர் இறந்துபோனார்.

மேலே சொன்ன எதுவும் தட்டைப்புழுவை முழுமையாகத் தீர்ப்பதில்லை; உப்புக் குறைப்பு மட்டும் ஓரளவு உதவும். அதற்குப் பிரசிகுவாண்டெல் என்னும் புழுக்கொல்லி மருந்து லிட்டருக்கு 2.5 மில்லிகிராம், முட்டைகளை அது தொடாது என்பதால் ஒரு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை. இருக்கிறதா என்று அறிய நன்னீர்க் குளியல் எளிய சோதனை: வெப்பமும் பி.எச். அளவும் பொருத்திய, குளோரின் நீக்கிய நன்னீரில் மீனை 5 நிமிடம் பிடித்து வைத்தால், புழுக்கள் வெளுத்து எள்ளைப் போல வாளியின் அடியில் விழும். புரூக்லினெல்லாவுக்குப் பார்மலின் குளியல், லிட்டருக்கு 0.15 மில்லி, அதிகம் போனால் ஒரு மணி நேரம், ஏர் பம்ப் முழு வேகத்தில். பார்மலின் நீரின் ஆக்சிஜனைக் குறைப்பது; புட்டியின் அடியில் வெள்ளைப் படிவு கண்டால் அதைத் தொடவே வேண்டாம்; மனிதருக்கும் அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதால் காற்றோட்டமும் கையுறையும் கட்டாயம். பூண்டு ஊறிய தீனி, சுத்தம் செய்யும் இறால், புறஊதா விளக்கு ஆகியவற்றை மருத்துவம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

எந்த வழியானாலும் தனிமைத் தொட்டியில் மீன்களைக் கொல்வதில் ஒட்டுண்ணிக்குச் சமமான பங்கு அம்மோனியாவுக்கு உண்டு. கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருப்பதால், அம்மோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு நன்னீரைவிடக் கூடுதல். மீன் வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பெரிய தொட்டியின் சம்ப்பில் (அதனோடு இணைந்த வடிகட்டும் துணைத் தொட்டியில்) போட்டுவைத்தால் அதில் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா குடியேறியிருக்கும். ஒருமுறை தனிமைத் தொட்டிக்குப் போன ஃபில்டர் பெரிய தொட்டிக்குத் திரும்பிவரக் கூடாது. வெல்வெட் உயிரி நீர்த்திவலைகளில் காற்றுவழி பரவுவது ஆய்வில் காட்டப்பட்டிருப்பதால் இரண்டு தொட்டிகளுக்கும் இடையே 3 மீட்டராவது இருப்பது நல்லது. அடுக்குமாடி வீட்டில் இது படுக்கையறையா, பால்கனியா என்ற குடும்ப வழக்காக மாறும். பால்கனி வேண்டாம், சென்னை வெயிலில் சிறிய தொட்டி மதியத்துக்குள் கொதித்துவிடும், சூடேறிய நீரில் ஆக்சிஜனும் குறையும். மின்தடைக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

என் தேர்வு மீனைப் பொறுத்தே மாறுகிறது. கடலில் பிடித்த டாங், வண்ணத்துப்பூச்சி மீன், ஆந்தியாஸ் போன்றவற்றுக்குப் பிணைத்த செம்பு, 30 நாள், தினமும் அளவு பார்த்து, அதன்பின் பிரசிகுவாண்டெல். பவுடர் ப்ளூ டாங் வெண்புள்ளிக்கும் வெல்வெட்டுக்கும் அவ்வளவு எளிதில் ஆட்படுவது என்பதால், புள்ளி இல்லை என்ற காரணத்துக்காக அதில் விதிவிலக்கு தருவதில்லை. செம்பு ஒவ்வாத மீனுக்குத் தொட்டி மாற்றம்; அதை முடித்தபின் வெல்வெட்டுக்காக மேலும் இரண்டு வாரம் கவனிப்பு. வெண்புள்ளி என்று உறுதியான மீன், செம்பில் இரை மறுத்து மெலிகிறது என்றால் உப்புக் குறைப்பு. வந்த நாளே மூச்சு வாங்கினால், நோயின் பெயர் தெரியும்வரை காத்திருக்காமல், முதலில் நன்னீர்க் குளியல், உடனே செம்பை ஒரே நாளில் முழு அளவுக்கு ஏற்றுதல். வெல்வெட் என்று தவறாகக் கருதியதால் வரும் இழப்பு, வெல்வெட் இல்லை என்று தவறாகக் கருதியதால் வரும் இழப்பைவிட மிகச் சிறியது. கோமாளி மீன் மட்டும் வேண்டுமென்பவர், கடல்மீனைத் தேடாமல் குஞ்சகத்தில் பொரித்ததை வாங்கலாம். இராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் என்னும் ஊரில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் உள்பட நம் நாட்டிலேயே இவற்றின் இனப்பெருக்கம் கைகூடியிருக்கிறது. அவையும் கடையில் கடல்மீன்களோடு ஒரே நீரில் நின்றிருந்தால் அந்தச் சலுகை போய்விடும். ஒரு தனிமைத் தொட்டியில் நடுவில் இன்னொரு மீனைச் சேர்த்தால், முதல் மீனுக்கும் நாள்கணக்கு அன்றிலிருந்தே தொடங்கும்.

நோய் ஏற்கெனவே பெரிய தொட்டிக்குள் வந்துவிட்டவர்களுக்கு எஞ்சிய வழி, எல்லா மீன்களையும் வெளியே எடுத்துச் செம்பில் வைத்து, பவழத் தொட்டியை மீனில்லாமல் 76 நாள் விடுவது. கூட்டிலிருந்து மிகத் தாமதமாக 72 நாளில் உயிரி வெளிவந்ததாக உள்ள பதிவின்மேல் கொஞ்சம் கூட்டி வைத்த கணக்கு அது. சூடான நீரில் சுழற்சி வேகமாக முடியும், 6 வாரம் போதும் என்று வாதிடுவோர் உண்டு. பெரும்பாலான தொட்டிகளில் அது சரியாகவும் இருக்கலாம். ஏப்ரல் 2 அன்று நான் மிஞ்சிய ஒரே மீனை வெளியே எடுத்தபின், கத்திரி வெயிலில் தொட்டி 30 டிகிரியில் நின்ற மே மாத நாள்களில் அந்த வாதம் எனக்கும் இனிமையாகவே கேட்டது. மீனைத் திரும்ப விட்டது ஜூன் 17 அன்றுதான்.